32 கோர், 28 வேலை: எதற்கு எத்தனை கோர் கொடுப்பது?

மதகு32 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா வெள்ளக் கணிப்புக்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சர்வர். 2 சாக்கெட் (செயலி பொருத்தும் இடம்), சாக்கெட்டுக்கு 16 கோர் (செயலிக்குள் தனித்தனியே கணக்குப் போடும் அலகு), 64 ஜிபி ரேம். லினக்ஸில் ஓடுகிறது, வேலைகளை, கோர்களைப் பங்கிட்டு வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் வழியாக அனுப்புகிறோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தினமும் 28 வேலை ஓட வேண்டும்:

பெரியது 1. வெண்ணாறு பாசனப் பகுதி முழுவதும், 25 மீட்டர் கட்டத்தில், இரு பரிமாண வெள்ள ஓட்டம். ஒரே கணக்கைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓப்பன்எம்பி நிரல்.

நடுத்தரம் 3. அரசலாறு, குடமுருட்டி, கல்லணைக் கால்வாய். நிரல் அதேதான், பரப்பு குறைவு.

சின்னது 24. மழை அளவை மாற்றி மாற்றிப் பார்க்கும் மழை-வழிந்தோட்டக் கணக்கு.

ஒவ்வொரு ஆற்றுக்கும் அதன் தலைமதகில் விடும் தண்ணீரை உள்ளீடாகக் கொடுத்துவிடுகிறோம். அதனால் எந்த வேலையும் இன்னொன்றுக்காகக் காத்திருக்காது.

தனித்தனியே ஓட்டி அளந்த நேரம், மணிக் கணக்கில்:

பெரியது: 1 கோரில் 40, 4-ல் 11.5, 8-ல் 6.8, 16-ல் 4.6, 32-ல் 4.1
நடுத்தரம், ஒவ்வொன்றும்: 1 கோரில் 20, 4-ல் 5.8, 8-ல் 3.5, 16-ல் 2.5, 32-ல் 2.4
சின்னது, ஒவ்வொன்றும்: 1 கோரில் 2, 2-ல் 1.1, 4-ல் 0.7, 32-ல் 0.5

12 யுடிசி மழைக் கணிப்பு, அதாவது நம் நேரப்படி மாலை 5:30 மணிக்கானது, கைக்கு வந்து சேர இரவு 11 ஆகிவிடுகிறது. காலை 7 மணிக்குள் முடிவு வேண்டும். ஆக 8 மணி நேரம்தான். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் 32 கோரையும் கொடுத்து வரிசையாக ஓட்டுகிறோம், 23 மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது. ஆளுக்கு ஒரு கோர் என்று பிரித்தால் பெரியது மட்டுமே 40 மணி நேரம். நடுவில் எங்கே நிறுத்துவது? கணக்காகச் சொல்ல வழி இருக்கிறதா, இல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழியா?


கோர்க்கணக்கு எழுதியது:

வழி இருக்கிறது, காகிதத்திலேயே போட்டுவிடலாம். உங்கள் வேலைகள், தொடங்கும்போது மட்டும் கோர் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளும் வகை. இதை மோல்டபிள் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டிக் குறைக்க முடிந்தால் மாலியபிள். இந்தப் பாகுபாட்டை 1996-ல் ஃபைட்டெல்சனும் ருடால்ஃபும் வகுத்தார்கள். உங்களுக்கு மோல்டபிள் வகையே போதும்.

முதலில் நேரத்தைப் பார்க்காதீர்கள், கோர்-மணியை, அதாவது கோர் எண்ணிக்கை × மணி நேரத்தைப் பாருங்கள். பெரியது 1 கோரில் 40 கோர்-மணி, 8-ல் 54.4, 16-ல் 73.6, 32-ல் 131.2. அதாவது 16-லிருந்து 32-க்குப் போகும்போது அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்க 57 கோர்-மணியைக் கொட்டுகிறீர்கள். உங்கள் 23 மணி நேரம் போவது இப்படித்தான். அதிலும் சின்னவை 24-ஐயும் 32 கோரில் ஓட்டுவது சுத்தமாக வீண். 2 கோர்-மணியில் முடிகிற வேலைக்கு 16 கோர்-மணி போகிறது.

இனி கெடு ஒன்றை ஊகித்துக்கொள்ளுங்கள், கெ என்று வைப்போம். ஒவ்வொரு வேலைக்கும் அந்தக் கெடுவுக்குள் முடிக்கத் தேவையான மிகக் குறைந்த கோரைக் குறியுங்கள். அதற்கான கோர்-மணிகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 32 × கெ-வைத் தாண்டினால் அந்தக் கெடு நடக்காது, வேறு எப்படி அடுக்கினாலும் நடக்காது. கோர் கூடக் கூட மொத்த உழைப்பும் கூடுமே தவிரக் குறையாது என்பதால் இதை உறுதியாகச் சொல்லலாம். தாண்டாவிட்டால் அடுக்கிப் பார்க்கலாம்.

கெ = 4.6 என்று வைத்தால்: பெரியதுக்கு 16 கோர் (73.6), நடுத்தரத்துக்கு 8 கோர் வீதம் (84), சின்னவை 1 கோர் வீதம் (48). மொத்தம் 205.6. இருப்பதோ 147.2. நடக்காது.

கெ = 6.8: பெரியதுக்கு 8 கோர் (54.4), நடுத்தரத்துக்கு 4 வீதம் (69.6), சின்னவை 48. மொத்தம் 172, இருப்பது 217.6. இடம் தாராளம். அடுக்கினால் பெரியது 8, நடுத்தரம் மூன்றும் சேர்ந்து 12, மீதி 12 கோரில் சின்னவை இரண்டு சுற்றில் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். 6 மணி 48 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

ஆனால் இதில் 12 கோர் கடைசி 2.8 மணி நேரம் சும்மா கிடக்கிறது. பெரியதை 12 கோரில் அளந்து பாருங்கள். உங்கள் 1 கோர், 8 கோர் அளவுகளை ஆம்டால் சூத்திரத்தில் (நேரம் = பிரிக்க முடியாத பகுதி + பிரிக்கக்கூடியது ÷ கோர்) போட்டால், பிரிக்க முடியாத பகுதி சுமார் 2.1 மணி நேரமும் பிரிக்கக்கூடியது 37.9-ம் வருகிறது. 12 கோரில் 2.1 + 37.9/12, அதாவது 5.2-க்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும்.


மதகு32:

நன்றி சார். 12 கோரில் அளந்தாயிற்று, 5.4 மணி நேரம்.

ஒரு சந்தேகம். அதே சூத்திரத்தில் 32 கோருக்கு 3.2 வர வேண்டும், எங்களுக்கு 4.1 வருகிறது. நிரலில் கோளாறா?


நூலிழை எழுதியது:

நிரல்ல கோளாறு இருக்காதுங்க, நினைவகம் எங்க உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. லினக்ஸ்ல ஒரு நினைவகப் பக்கத்தை (ரேமோட ஒரு சின்னத் துண்டு) எந்த இழை (ஒரு கோர்ல ஓடுற நிரலோட ஒரு பங்கு) முதல்ல தொடுதோ, அந்த இழை ஓடுற சாக்கெட்டோட ரேம்லதான் அது போய் உட்காரும். வரிசைகளைப் பூஜ்யமாக்குற இடம் ஒத்தை இழையில ஓடுச்சுன்னா மொத்தத் தரவும் ஒரே சாக்கெட் பக்கம் போயிடும். அப்புறம் அடுத்த சாக்கெட்டுல இருக்குற 16 கோரும் ஒவ்வொரு எண்ணுக்கும் இந்தப் பக்கம் வந்துட்டுப் போகணும். பூஜ்யமாக்குற சுற்றையும் ஓப்பன்எம்பி சுற்றா மாத்தி, கணக்குப் போடுற சுற்றுல எப்படிப் பிரிச்சீங்களோ அதே மாதிரி பிரிச்சா ஓரளவு சரியாகும். ஆனா உங்க திட்டத்துல எந்த வேலையும் 16 கோரைத் தாண்டப்போறதில்ல. அதனால இப்போதைக்கு அதை விட்டுடுங்க.

அதைவிட இதைப் பாருங்க. சுற்றைக் கட்ட வரிசை வரிசையா, சம பங்கா, முன்கூட்டியே, அதாவது ஸ்டாட்டிக்கா பிரிச்சிருக்கீங்களா? டெல்டாவுல அது ஒத்து வராது. காஞ்ச கட்டத்துக்குப் பெருசா கணக்கு கிடையாது, தண்ணி நிக்கிற கட்டத்துக்குத்தான் வேலை. தண்ணி தேங்குறது கடைமடைப் பக்கம். மேட்டுப் பகுதி கிடைச்ச இழைங்க சட்டுனு முடிச்சுட்டு, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பங்கு கிடைச்ச இழை முடிக்கிற வரைக்கும் தடுப்புல (எல்லா இழையும் வந்து சேர்ந்தாத்தான் தாண்ட முடியுற இடம்) நிக்கும். முடிச்ச இழை அடுத்த துண்டைக் கேட்டு வாங்குற டைனமிக் இல்லன்னா கைடெட்னு மாத்துங்க, ஒரு துண்டுக்கு 16 வரிசை மாதிரி வெச்சு ஆரம்பிங்க. துண்டை ரொம்பப் பொடிசாக்குனா பங்கு கேக்குறதுலயே நேரம் போயிடும்.

இன்னொண்ணு, அந்த 40 மணி நேரத்தை எந்த மழைக்கு அளந்தீங்க? சாதாரண நாள் மழைன்னா அந்த நம்பரை நம்பாதீங்க. நனைஞ்ச பரப்பு கூடுனா வேலையும் கூடும். தண்ணி ஆழமானா நேரப் படியும் சுருங்கும். படி அளவு, கட்ட அகலத்தை அலை வேகத்தால வகுத்த அளவுக்குள்ள இருக்கணும். 25 மீட்டர் கட்டம், 4 மீட்டர் ஆழம்னா அலை வேகம் விநாடிக்கு 6.3 மீட்டர், 0.7 பாதுகாப்புக் கெழு போட்டா படி 2.8 விநாடிதான். ஆத்துக்குள்ள எங்கேயோ ஒரே ஒரு கட்டம் அவ்வளவு ஆழமா இருந்தாக்கூட மொத்த மாதிரிக்கும் அந்தப் படிதான். 2008 நவம்பர்ல நிஷா புயலுக்குப் பெஞ்ச மாதிரி ஒரு மழையைக் கொடுத்து அளந்து வெச்சுக்குங்க. உங்களுக்கு முடிவு அவசரமா வேண்டியிருக்குறதே அந்த மாதிரி நாள்லதானே.

25 மீட்டரை 12.5 ஆக்கலாம்னு யாராவது சொன்னா, நேரம் 8 மடங்காகும்னு சொல்லிடுங்க. கட்டம் 4 மடங்கு, படி எண்ணிக்கை 2 மடங்கு.


மதகு32:

அளவுகள் எல்லாம் கனமழை உள்ளீட்டில் எடுத்தவைதான். சுற்றின் பிரிப்பு ஸ்டாட்டிக்காக இருந்தது, மாற்றுகிறோம்.


கோர்க்கணக்கு:

5.4 வந்துவிட்டதா, அப்படியென்றால் இப்படி அடுக்குங்கள்:

பெரியது 12 கோரில் 0 முதல் 5.4 வரை.
நடுத்தரம் மூன்றும் 4 கோர் வீதம் 12 கோரில் 0 முதல் 5.8 வரை.
மீதி 8 கோரில் சின்னவை மூன்று சுற்று, 0 முதல் 6.0 வரை.

மொத்த உழைப்பு 64.8 + 69.6 + 48 = 182.4 கோர்-மணி. இடம் 32 × 6 = 192. 95 விழுக்காடு நிரம்பிவிட்டது. இதற்கும் கீழே போக முடியுமா என்றால், நடுத்தரத்தை 5.8-க்கும் குறைவான நேரத்தில் முடிக்கக் குறைந்தது 5 கோர் வேண்டும், சூத்திரப்படி அப்போது 4.9 மணி நேரம், மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 74 கோர்-மணி. பெரியதுக்கு 64, சின்னவைக்கு 48. மொத்தம் 186. 5.7 மணி நேரக் கெடுவில் இருக்கும் இடமோ 182.4 மட்டுமே. ஆகவே 6 மணி நேரம் என்பது எட்டக்கூடிய எல்லையிலிருந்து கால் மணி நேரத்துக்கு உள்ளே நிற்கிறது. அந்தக் கால் மணி நேரத்தைத் துரத்திப் பிடிப்பதில் பயன் இல்லை.


வரிசைமுறை எழுதியது:

கோட்பாடு தேடுவோருக்குச் சுருக்கமாக ஒன்று. கோர் எண்ணிக்கை நிலையாக உள்ள வேலைகளை அடுக்குவதே கடினமான கணக்கு. 5 செயலி இருந்தாலே அது வலுவான என்.பி. கடினம் (சிறந்த விடையை வேகமாகக் காணும் வழி தெரியாத வகை) என்று டூ, லெங் இருவரும் 1989-ல் காட்டினார்கள். கோர் எண்ணிக்கையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம் என்னும்போது, சிறந்ததைப் போல 2 மடங்குக்குள் நிற்கும் முறையை டூரெக், வூல்ஃப், யூ 1992-ல் கொடுத்தார்கள். மேலே சொன்ன கெடு ஊகத்தைக் கொண்டே, வேலைகளை இரண்டு அடுக்காகப் பிரித்து ஏறத்தாழ 3/2 மடங்குக்குள் கொண்டுவந்தது மூனியே, ரப்பின், ட்ரிஸ்ட்ராம் மூவரின் முறை, 2007. இவை, கோர் கூடும்போது நேரம் கூடாமலும் உழைப்பு குறையாமலும் இருக்கும் எந்த உள்ளீட்டுக்கும் பொருந்தும் உத்தரவாதங்கள். உங்கள் 28 வேலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, கோர்க்கணக்கு போட்டுக் காட்டியதே அதைவிட நெருக்கம்.

எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. கோர் எண்ணிக்கையைச் சரியாகப் போட்டுவிட்டு, அனுப்பும் வரிசையில் கோட்டை விடுவார்கள். இதே எண்ணிக்கைகளோடு சின்னவை 24-ஐயும் முதலில் அனுப்புங்கள், என்ன ஆகும் பாருங்கள். 24 கோர் உடனே போய்விடும். மீதி 8-ல் பெரியதால் நுழைய முடியாது. ஸ்லர்மின் பின்நிரப்பல் (காத்திருக்கும் பெரிய வேலையைத் தாமதிக்காமல் காலி கோரில் பின்னால் உள்ள வேலையை நுழைப்பது) அந்த 8-ல் இரண்டு நடுத்தரத்தை உட்கார வைக்கும். 2 மணி நேரம் கழித்துத்தான் பெரியது தொடங்கி 7.4-ல் முடியும். மூன்றாவது நடுத்தரமும் அப்போதுதான் தொடங்கி 7.8-ல் முடியும். கோரும் அதே, வேலையும் அதே, வரிசை மட்டும் வேறு. இரவு 11-க்குத் தொடங்கினால் காலை 6:48. தரவு கால் மணி நேரம் தாமதமானாலே கெடு போச்சு. பெரியது, நடுத்தரம், கடைசியில் சின்னவை, இந்த வரிசையில் அனுப்புங்கள்.


நூலிழை:

ஸ்லர்ம்ல மாட்டுற இடங்களையும் சொல்லிடுறேன். இதெல்லாம் கணக்குல தெரியாது, ஓட்டுறப்பதான் தெரியும்.

ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை ரெண்டாக் காட்டுறது) போட்டிருந்தா அந்தப் பெட்டி 64 சிபியுன்னு காட்டும். நீங்க ஒரு வேலைக்கு 12 சிபியுன்னு கேட்டா, ஸ்லர்ம் 6 கோரைக் கொடுத்துட்டு 12 கொடுத்தாச்சும்பான். 5.4 மணி நேரம் எதிர்பார்த்துட்டு இருப்பீங்க, 8 மணி நேரத்துக்குக் கிட்ட இழுத்துடும். பயாஸ்லயே அணைச்சுடுங்க. இல்லன்னா வேலை அனுப்புறப்ப ஹின்ட்டுல நோமல்ட்டித்ரெட்னு கொடுங்க.

ரேம் எவ்வளவுன்னு சொல்லாம அனுப்பக்கூடாது. கோரோட சேத்து நினைவகத்தையும் பங்கு போடுற அமைப்புல, தொடக்க அளவு எதுவும் குறிக்காம இருந்தா, ரேம் கேக்காத வேலைக்கு மொத்த 64 ஜிபியும் போயிடும். கோர் 20 சும்மா இருந்தாலும் அடுத்த வேலை வரிசையிலேயே கிடக்கும். உங்க வேலைங்களுக்கு எவ்வளவு பிடிக்குதுன்னு பழைய பதிவுல உச்ச அளவைப் பாத்து, அதுக்கு மேல ஒரு கால் பங்கு சேத்துக் கேளுங்க.

ஓஎம்பி இழை எண்ணிக்கையைக் கேட்ட கோருக்குச் சமமா ஸ்கிரிப்டுலயே எழுதிடுங்க. இழையைக் கோரோட கட்டுறதுக்கு ஓப்பன்எம்பி அமைப்புல ப்ராக் பைண்டை க்ளோஸ்னும் ப்ளேசஸைக் கோர்ஸ்னும் வைங்க. சின்னவை பைத்தான்ல நம்பை (NumPy) நூலகம் வெச்சு ஓடுதுன்னா, அதுக்குள்ள கணக்குப் போடுற ஓப்பன்ப்ளாஸோட இழை எண்ணிக்கையையும் 1-ன்னு போடணும். இல்லன்னா ஒத்தைக் கோருக்குள்ள பத்துப் பதினஞ்சு இழை நின்னு முட்டிக்கும்.

நேர வரம்பு: பெரியதுக்கு ஆறரை, நடுத்தரத்துக்கு 7, சின்னதுக்கு இரண்டரை மணி நேரம் மாதிரி வைங்க. எல்லாத்துக்கும் 24 மணி நேரம்னு போட்டா பின்நிரப்பலுக்கு எதை எங்க நுழைக்கிறதுன்னு தெரியாது. இறுக்கிப் போட்டா, முடியப்போற வேலையைக் கொன்னுடும்.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குன்னு முன்னாடியே அறிவிச்சுடுவாங்க. அந்த நேரத்துக்கு ஸ்லர்ம்ல பராமரிப்பு ரிசர்வேஷன் போட்டு வெச்சீங்கன்னா, நேர வரம்புப்படி அதுக்குள்ள முடியாத வேலையை அது தொடங்கவே தொடங்காது. மழை ராத்திரி சொல்லாமப் போற கரண்ட்டுக்கு, விட்ட இடத்துல இருந்து தொடர வைக்கிற தொடர்நிலைக் கோப்புதான் வழி. வெண்ணாறு மாதிரியில 32 லட்சம் கட்டம்னு வைங்க. கட்டத்துக்கு ஆழம், ரெண்டு திசை ஓட்டம்னு 3 எண், எண்ணுக்கு 8 பைட். ஒரு கோப்பு 77 எம்பி. மாதிரிக் கணக்குல ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒண்ணு எழுதுனாலும் டிஸ்க்குக்கு அது பாரமே இல்ல. பழைய கோப்பு மேலயே எழுதாதீங்க. வேற பேர்ல எழுதி முடிச்சுட்டுப் பேரை மாத்துங்க. பழசு மேலயே எழுதுறப்ப நடுவுல கரண்ட் போனா பழசு, புதுசு ரெண்டும் கெட்டுடும்.


மதகு32:

சொன்னபடி அடுக்கி ஓட்டினோம். முதல் சாக்கெட்டில் பெரியது 12 கோர், அதோடு குடமுருட்டி 4 கோர். இரண்டாவதில் மற்ற இரண்டு நடுத்தரம், சின்னவைக்கு 8 கோர். சின்னவை 6 மணி நேரத்தில் முடிந்தன. இரண்டாவது சாக்கெட்டில் இருந்த நடுத்தரங்கள் 5.8. ஆனால் பெரியது 5.9-ம் குடமுருட்டி 6.4-ம் ஆயின. தனியாக ஓடியபோது வந்த நேரம் சேர்ந்து ஓடும்போது ஏன் வரவில்லை?

இன்னொன்று, 5.8-க்குப் பிறகு சும்மா இருக்கும் கோர்களை ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கே திருப்பிவிட முடியுமா?


கோர்க்கணக்கு:

நினைவகப் பாதை அடைத்துக்கொள்கிறது. வெள்ள மாதிரி, ஒவ்வொரு படியிலும் எல்லாக் கட்டத்தையும் ரேமிலிருந்து இழுத்துச் சின்னதாகக் கூட்டிப் பெருக்கித் திருப்பி எழுதுகிற வகை. கோரைவிட ரேம் வேகம்தான் அதற்கு எல்லை. முதல் சாக்கெட்டில் 16 கோரும் அந்த வகை, இரண்டாவதில் 8 மட்டுமே. சின்னவை கேச்சுக்குள்ளேயே (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவகம்) அடங்கிவிடும், ரேமை அதிகம் தொடாது. ஆகவே இடம் மாற்றுங்கள்: முதல் சாக்கெட்டில் பெரியது 12, சின்னவைக்கு 4. இரண்டாவதில் நடுத்தரம் மூன்றும் 12, சின்னவைக்கு 4. ரேம் தின்னும் கோர் இருபக்கமும் 12-12 ஆகிவிடும். கோர்க் கணக்கு மாறாது.

தனியாக அளந்தபோது இன்னொரு சலுகையும் கிடைத்திருக்கும். மற்ற கோர்கள் ஓய்வில் இருந்தால் டர்போவில் கடிகார வேகம் ஏறும். 32-ம் வேலை செய்தால் அவ்வளவு ஏறாது. இனி அளக்கும்போது பக்கத்துக் கோர்களில் சின்னவற்றை ஓடவிட்டு அளந்து, அந்த எண்ணையே அட்டவணையில் போடுங்கள்.

ஓடும் வேலைக்குக் கோர் கூட்டுவது பற்றி: கோரோடு கட்டியதை மட்டும் டாஸ்க்செட் என்ற லினக்ஸ் கட்டளை கொண்டு தளர்த்தினால் பயன் இல்லை. 12 இழைதான் இருக்கிறது, 16 கோரைக் கொடுத்தாலும் 4 சும்மா கிடக்கும். முன்கூட்டியே 16 இழை தொடங்கி 12 கோரில் அடைத்தாலோ இன்னும் மோசம். ஒவ்வொரு படியின் தடுப்பிலும் கோர் கிடைக்காத 4 இழைக்காக மற்றவை சுழன்றுகொண்டு நிற்கும். ஒழுங்கான வழி, ஒவ்வொரு வெளியீட்டுப் படியிலும் ஒரு சின்னக் கோப்பைப் படித்து, அதில் உள்ள எண்ணுக்கு இழை எண்ணிக்கையை நிரலே மாற்றிக்கொள்வது. ஓப்பன்எம்பி இதை இரண்டு இணைப் பகுதிகளுக்கு நடுவில் அனுமதிக்கும். ஆனால் ஸ்லர்ம் ஒரு வேலைக்கு ஒதுக்கிய கோர்களுக்கு வெளியே அதை விடாது. 28-ஐயும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் போட்டு நீங்களே பங்கு பிரிக்க வேண்டிவரும். 5.8-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கும் 12 நிமிடத்துக்கு அவ்வளவு எழுதுவது என் கணக்கில் கட்டாது. தரவு நள்ளிரவு தாண்டி வரும் நாட்கள் அடிக்கடி வந்தால் அப்போது யோசிக்கலாம். அதற்கும் முன்னால், அந்த நாட்களில் சின்னவற்றை 24-லிருந்து 16-ஆகக் குறைத்து, பெரியதுக்கு 14 கோர், சின்னவைக்கு 6 என்று மாற்றிப் பாருங்கள். 16-ஐ 6 கோரில் ஓட்டினால் அப்போதும் மூன்று சுற்றுதான், ஆனால் கடைசிச் சுற்றில் 4 மட்டுமே ஓடும்.


வரிசைமுறை:

அந்த 16-ஐ 8 கோரிலேயே விட்டால் இரண்டு சுற்றில், 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரியதுக்குக் கூடுதல் கோர் தேவையே இல்லாமல் நடுத்தரத்தின் 5.8-தான் கடைசி. அதற்கும் கீழே இறங்க வேண்டுமானால் கூட்ட வேண்டியது நடுத்தரத்தின் கோர், பெரியதுடையது அல்ல. நடுத்தரத்துக்கு 5 வீதம் 15, பெரியதுக்கு 12, சின்னவைக்கு 5. சின்னவை 16-ல் முதல் 10 இரண்டு சுற்றில் 4 மணி நேரத்தில் முடியும். மீதி 6-ல் 5 மூன்றாம் சுற்றில் நுழையும். ஒன்று மட்டும் மிஞ்சி, நடுத்தரம் 4.9-ல் விட்ட கோரில் உட்கார்ந்து 6.9 வரை இழுத்துவிடும். ஆகவே 16 வேண்டாம், 15 ஆக்குங்கள். அப்போது 6.0. அதற்கு 8 கோரில் 16 என்ற முதல் அடுக்கே மேல்.